வாளெடுக்காத வைத்தியர்கள்: மிகுபுனைவு கேள்வி–பதில்

சென்ற இதழில், மிகுபுனைவுக் (ஃபேன்டஸி) கதைகளில் வரும், கையை நீட்டியதும் புண் ஆறிவிடும் மந்திர வைத்தியர்களைப் பற்றி எரிச்சலாக இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்குக் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் வைத்தியர்களுக்கே. புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் கதை எழுத வருவதற்கு முன் ஓர் அரசு மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை வார்டில் செவிலியராக இருந்தவள். எரிச்சலின் ஊற்று அங்கேதான்.

என் தொடர்கதையில் போரையே தொழிலாகக் கொண்ட ஒரு குடி வருகிறது. அவர்கள் நடுவே, ஆயுதத்தைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்த ஒரு வைத்தியக் குடி. "போர்க்குடி இவர்களை ஏன் உயிரோடு விட்டுவைக்கும்?" என்று நண்பர் கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.
*(வாசகர், திண்டுக்கல்)*

நல்ல நண்பர், அவரை விட்டுவிடாதீர்கள்.

மரியாதையால் விட்டுவைக்கிறார்கள் என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு வாள்வீரனை உருவாக்கக் குழந்தைப் பருவத்திலிருந்து சோறு போட்டுப் பழக்க வேண்டும். தொடையில் விழுந்த ஒரு வெட்டு சீழ் பிடித்தால் அத்தனை வருட முதலும் பத்து நாளில் போய்விடும். வைத்தியர் இருந்தால் அதே வீரன் அடுத்த பருவத்தில் மறுபடி களத்தில் நிற்பான். தளபதிக்கு இது தெரியும். வைத்தியருக்கும் தெரியும் என்பதில்தான் உங்கள் கதை இருக்கிறது.

சரி, பயன் உண்டு என்பதால் பிரியமும் இருக்குமா? இருக்காது. எங்கள் வார்டுக்கு அரிவாள் வெட்டோடு ஒருவர் வந்தார். அவர் பெயரைச் சொன்னாலே அந்த வட்டாரத்தில் கடைகளை அடைப்பார்கள். தையல் பிரிக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்களை இறுக மூடி, "சிஸ்டர், மெதுவாக" என்று கெஞ்சினார். பிறகு பஸ் நிலையத்தில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது திமிர் என்று நான் நினைக்கவில்லை. அவர் மறக்க நினைத்த ஒரு பகல் என் நினைவில் இருந்தது, அவ்வளவுதான். வலி தாங்குவதையே பெருமையாகக் கொண்ட ஒரு சமூகம் முழுவதும் இப்படி முகம் திருப்பும் ஆண்களால் நிரம்பியிருந்தால் வைத்தியரின் தெரு எப்படி இருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். இரவில் கதவைத் தட்டுவார்கள், பகலில் வணக்கம் சொல்ல மாட்டார்கள். விருந்துக்கு அழைப்பு வரும், ஆனால் இலை கடைசி வரிசையில் விழும்.

இன்னும் கூர்மையான ஒன்றும் உண்டு. நம் புறநானூற்றில் புறப்புண் என்றால் என்ன என்று தெரியுமல்லவா? வெண்ணிப் போரில் கரிகாலன் எறிந்த ஆயுதம் மார்பைத் துளைத்து முதுகுவரை போய்விட்டது. அந்த முதுகுப் புண்ணுக்கு நாணி, சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர்விட்டான். முன்னால் வாங்கிய அடிதான், ஆனாலும் முதுகில் தெரிந்துவிட்டது! இப்படிப்பட்ட ஊரில், யார் யாருக்கு முதுகில் புண் என்று அறிந்த ஒரே ஆள் கட்டுப் போடுகிறவர். அவர் வாயைத் திறந்தால் ஒரு குடும்பத்தின் மானம் போய்விடும். கையில் வாள் இல்லை, ஆனாலும் ஊரில் எல்லோரும் அஞ்சவேண்டிய ஆள். உங்கள் வைத்தியக் குடியின் முதல் சபதம் ஆயுதம் தொடாமை என்று வைத்திருக்கிறீர்கள். வாய் திறவாமையை முதலில் வையுங்கள். அவர்களை உயிரோடு வைத்திருப்பது அதுதான். என்றைக்காவது அவர்கள் கொல்லப்பட்டால் அதற்குக் காரணமும் அதுவாகத்தான் இருக்கும்.

"எந்த உயிரின் இரத்தத்தையும் சிந்தமாட்டோம்" என்று என் வைத்தியர்கள் சத்தியம் செய்வதாக எழுதியிருக்கிறேன். சொற்கள் சரியாக இருக்கின்றனவா?
*(வாசகி, கோயம்புத்தூர்)*

ஓசை நன்றாக இருக்கிறது. வேலைக்கு ஆகாது. சீழ்க்கட்டியைக் கீறாமல், அழுகிய காலை எடுக்காமல், உள்ளே ஒடிந்து நிற்கும் அம்பு முனையைச் சதையை வெட்டி எடுக்காமல் என்ன வைத்தியம்? இந்தச் சிக்கல் வரலாற்றில் வந்திருக்கிறது. 1215-ஆம் ஆண்டு ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் என்ற கத்தோலிக்கத் திருச்சபைப் பேரவை, குருமார்கள் இரத்தத் தீர்ப்பு, அதாவது மரண தண்டனை, வழங்கக்கூடாது என்று விதித்த அதே விதியில், அவர்களில் உயர்நிலையினர் வெட்டுவதும் சுடுவதும் அடங்கிய அறுவைச் சிகிச்சையைச் செய்யக்கூடாது என்றும் தடுத்தது. இரண்டிலும் இரத்தம்!

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில், புண் ஆற்றும் குரு பாத்திரத்துக்குக் கூரிய ஆயுதம் கூடாது என்று விதி. தண்டாயுதம் போன்ற கூரில்லாதவை மட்டும் கூடும். அதாவது மண்டையை உடைக்கலாம், கீறக்கூடாது.

ஆகவே சபதத்தை மாற்றாதீர்கள், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து உங்கள் குடி இரண்டாகப் பிளக்கட்டும். கத்தியெடுத்துக் கீறும் வைத்தியர்கள் ஒரு தெரு, மூலிகையோடு நின்றுவிடும் சுத்தக்காரர்கள் அடுத்த தெரு. பெண் கொடுத்து வாங்குவது நின்றுபோகட்டும். போர்வீரர்கள் இந்தச் சண்டையைப் பார்த்துச் சிரிக்கட்டும். அடிபட்டால் மட்டும் எந்தத் தெருவுக்கு ஓடுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குணமாக்கிய வீரன் திரும்பப் போய் பத்துப் பேரைக் கொல்கிறான். அப்படியானால் அந்த வைத்தியர் எப்படி அகிம்சாவாதி? என் நாயகி இதற்கு விடை சொல்ல வேண்டும்.
*(வாசகி, மதுரை)*

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே ஒதுக்கினேன். கற்பனை தேவையில்லாத உதாரணம் ஒன்று இருக்கிறது: காந்தி.

1899-இல் தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயருக்கும், டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களுக்கும் போர் மூண்டபோது அவர் நேட்டாலில் வழக்கறிஞர். தம் மனச்சாய்வு போயர்கள் பக்கம் இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனாலும் ஆங்கில அரசின் குடிமகன் என்ற கடமைக்காக, அடிபட்டவர்களைத் தூக்கிச் செல்லும் இந்தியர் படையை அமைத்தார். ஏறத்தாழ 1,100 பேர். அவர்களில் முந்நூறு பேர்தான் சுதந்திர இந்தியர்கள். மற்றவர்கள் ஒப்பந்தக் கூலிகள். ஸ்பியான் கோப் மலைப் போரில் குண்டு விழும் எல்லைக்குள்ளேயே போனார்கள். டோலியைச் சுமந்துகொண்டு ஒரே நாளில் இருபது, இருபத்தைந்து மைல் நடந்தார்கள்.

ஒப்பந்தக் கூலிகள் என்று படித்ததும் என் மனம் காந்தியை விட்டுவிட்டு அவர்கள் பின்னால் போய்விடுகிறது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். நம்மவர்கள். அந்த டோலியின் பின்கம்பைப் பிடித்திருந்தவரிடம் "வருகிறாயா?" என்று யாராவது கேட்டிருப்பார்களா? அகிம்சை, கடமை என்ற சொற்கள் அவர் காதில் விழுந்திருக்குமா? உங்கள் கதையில் தத்துவம் பேசும் நாயகி இருக்கிறாள். டோலி தூக்குகிறவருக்கு ஒரு பெயராவது இருக்கிறதா?

1906-இல் நடந்தது இன்னும் கடுமையானது. ஜூலு மக்களின் கிளர்ச்சியை நேட்டால் அரசு அடக்கியபோது காந்தி இருபத்துச் சொச்சம் பேரோடு மறுபடி போனார். அங்கே அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் போரில் அடிபட்டவர்களே அல்லர். சந்தேகத்தின் பேரில் பிடித்துச் சாட்டையால் அடிக்கப்பட்ட ஜூலுக்கள். கவனிப்பாரின்றி அவர்கள் புண்கள் சீழ்பிடித்துக் கிடந்தன. வெள்ளைத் தாதியர் அவர்களைத் தொட முன்வரவில்லை. இந்தியர்கள் கட்டுப் போட்டபோது, வேலிக் கம்பிகளுக்கு அப்பாலிருந்து வெள்ளைச் சிப்பாய்கள் எட்டிப் பார்த்து வேண்டாமென்று தடுத்தார்கள். இவர்கள் கேட்காமல் போகவே, ஜூலுக்களைக் கேட்கக் கூசும் வார்த்தைகளால் திட்டினார்கள்.

அந்த வேலியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல காட்சியை நானோ நீங்களோ புனைய முடியாது. அடித்த படையின் சீருடை அணிந்தவர்களே அடிபட்டவனின் முதுகைக் கழுவுகிறார்கள். அடித்தவன் வேலிக்கு அப்பால் நின்று ஏசுகிறான். முதுகைக் காட்டிக் குப்புறப் படுத்திருப்பவன் இவர்களை யாரென்று நினைத்திருப்பான்?

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பின்னாளில் காந்தி தன்வரலாறு எழுதும்போது தனக்குச் சலுகை காட்டிக்கொள்ளவில்லை. கொள்ளைக் கூட்டத்துக்குச் சுமை தூக்குகிறவனும், காவல் நிற்கிறவனும், அடிபட்ட கொள்ளைக்காரனுக்குப் பணிவிடை செய்கிறவனும் கொள்ளைக் குற்றத்தில் பங்காளிகளே. அதைப் போல, போர்க்களத்தில் காயம்பட்டவர்களைக் கவனிப்பதோடு நின்றுகொள்கிறவரும் போரின் குற்றத்திலிருந்து விடுபட முடியாது. இதுதான் அவர் சொன்னதன் சாரம். இதை எழுதியவர் ஒன்றல்ல, மூன்று போர்களில் மருத்துவப் படை சேர்த்தவர். 1914-இல் லண்டனிலும் சேர்த்தார்.

ஆகவே உங்கள் நாயகியிடமிருந்து விடையைப் பிடுங்கிவிடுங்கள். குற்றத்தில் பங்கு உண்டு என்று தெரிந்தே மறுநாள் காலையில் துணியைக் கொதிக்கவைக்கும் பெண்ணாக அவளை எழுதுங்கள். தன் கை சுத்தம் என்று நம்பும் வைத்தியர் எனக்குச் சலிப்பூட்டுகிறார். வார்டில் அப்படிப்பட்டவர்களைப் பார்த்தும் இருக்கிறேன். புண்ணுக்கு நல்ல கை, பேச்சுத்துணைக்கு ஆகாதவர்கள்.

உச்சக்கட்டத்தில் என் வைத்தியன் பொறுமையிழந்து வாளை எடுக்கிறான். வாசகர்கள் கைதட்டுவார்கள்தானே?
*(வாசகர், சென்னை)*

தட்டுவார்கள். மறுவாரம் உங்கள் கதையை மறந்தும்விடுவார்கள்.

டெஸ்மண்ட் டாஸ் என்ற அமெரிக்கரைப் பாருங்கள். செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் படையில் சேர்ந்தார், ஆனால் துப்பாக்கியைத் தொட மறுத்தார். சனிக்கிழமை ஓய்வுநாள் என்பதால் அன்றைய பயிற்சிக்கும் வரமாட்டார். படைவீடு அவரைப் படாத பாடு படுத்தியது. படுக்கையருகே மண்டியிட்டு ஜெபித்தால் சக வீரர்கள் காலணியை எறிந்தார்கள். மேலதிகாரிகள் அவரை எப்படியாவது வீட்டுக்கு அனுப்பிவிடப் பார்த்தார்கள். ஆயுதமில்லாத ஒருவன் தன் பக்கத்தில் நிற்பது அந்த இளைஞர்களுக்கு அச்சமாக இருந்திருக்கும். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

1945 மே மாதம், ஜப்பானின் ஒகினாவா தீவு. செங்குத்தான ஒரு பாறை மேட்டின் உச்சியில் அவருடைய படைப்பிரிவு அடிவாங்கிப் பின்வாங்கியது. டாஸ் மேலேயே நின்றுவிட்டார். விழுந்து கிடந்தவர்களை ஒருவர் பின் ஒருவராக விளிம்புக்கு இழுத்துவந்து, கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினார். எத்தனை பேர்? ஐம்பது இருக்கும் என்றார் அவர். நூறு என்றார்கள் மற்றவர்கள். விருதுப் பத்திரத்தில் 75 என்று எழுதினார்கள். எண்ணிக்கையில்கூடப் பேரம் நடந்திருக்கிறது பாருங்கள்! அந்த ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி அதிபர் ட்ரூமன் அவருக்கு நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானரை அணிவித்தார்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது அந்தப் பாறை மேட்டுச் சண்டைக்குப் பிறகு, விருதுக்கு முன் நடந்ததை. சில நாட்களில் கையெறி குண்டு வெடித்து டாஸின் கால்கள் சிதைந்தன. அவரைத் தூக்கிப் போகும் வழியில் தன்னைவிட மோசமாக அடிபட்ட ஒருவரைக் கண்டதும், டோலியிலிருந்து தானே இறங்கி இடம்கொடுத்தார். அப்புறம் கையிலும் குண்டு பாய்ந்து எலும்பு நொறுங்கியது. அருகில் கிடந்த துப்பாக்கியின் மரக்கட்டையை ஒடிந்த கையோடு வைத்துக் கட்டிக்கொண்டு, 300 கஜம் தவழ்ந்து சிகிச்சை முகாமை அடைந்தார்.

கடைசியில் அவரும் துப்பாக்கியை எடுத்துவிட்டார், பார்த்தீர்களா? கட்டுப் போட ஒரு மரத்துண்டாக. உங்கள் வைத்தியன் வாளை எடுத்தே ஆகவேண்டும் என்றால் இப்படி ஏதாவது செய்யச் சொல்லுங்கள்.

வைத்தியக் குடியே மெல்ல மெல்லப் போர்க்குடியாக மாறுவதாக எழுதலாமா? நம்பும்படி இருக்குமா?
*(வாசகர், யாழ்ப்பாணம்)*

தாராளமாக. ஜெருசலேமில் யாத்திரிகர்களுக்கு மருத்துவமனை நடத்திய துறவிகள்தான் பிற்பாடு ஹாஸ்பிடலர்கள் என்ற போர்வீரர்கள் ஆனார்கள். 1113-இல் போப்பாண்டவர் அவர்களுடைய மருத்துவமனைக்கு அங்கீகாரம் கொடுத்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அவர்களிடம் குதிரைப்படையும் கோட்டைகளும் இருந்தன. 1565-இல் மால்டா தீவில் துருக்கியரின் பெரும் முற்றுகையை எதிர்த்து நின்றவர்களும் அவர்களே. கடைசிவரை மருத்துவமனையையும் விடவில்லை. யாத்திரிகனுக்குக் கஞ்சி கொடுத்தோம், அவனுக்கு வழித்துணை போனோம், வழியைக் காக்கக் கோட்டை கட்டினோம் என்று ஒவ்வொரு படியும் நியாயமாகவே தோன்றும்படி எழுதுங்கள். ஒரே அத்தியாயத்தில் மாற்றிவிடாதீர்கள். தாத்தா காலத்தில் தொடங்கிப் பேரன் காலத்தில் முடியட்டும்.

நாங்கள் ஆன்லைனில் விளையாடும்போது எதிர் அணியில் முதலில் ஹீலரைத்தான் கொல்வோம். கதையில் மட்டும் ஏன் அவர்களை யாரும் தொடுவதில்லை?
*(கல்லூரி மாணவர், சேலம்)*

எழுத்தாளர்களைவிட நீங்கள் விவரமானவர். ஒரு நொடியில் புண்ணை ஆற்றும் ஆள் எதிரணியில் இருந்தால் அவரை முதலில் வீழ்த்துவதுதான் புத்தி. தொடாமல் விட வேண்டுமென்றால் இரு தரப்பும் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். நம் உலகத்தில் அதற்கே 1864 ஆகிவிட்டது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் வட இத்தாலியின் சோல்ஃபெரினோவில் ஒரே நாளில் ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் செத்தும் அடிபட்டும் வீழ்ந்தார்கள். தன் வியாபாரக் காரியமாக அந்தப் பக்கம் போன ஹென்றி துனாந்த் என்ற ஜெனீவாக்காரர், பக்கத்து ஊரான காஸ்திலியோனேயின் தேவாலயத்தில் ஊர்ப் பெண்களைத் திரட்டிக் கட்டுப் போடவைத்தார். பிடிபட்டிருந்த ஆஸ்திரிய மருத்துவர்களை விடுவிக்கும்படி பிரெஞ்சுக்காரர்களிடம் பேசினார். எந்தப் பக்கத்து ஆள் என்று பார்க்காதீர்கள், எல்லோரும் சகோதரர்களே என்று அந்தப் பெண்கள் சொன்னார்களாம். அதன் பிறகுதான் செஞ்சிலுவை, ஜெனீவா ஒப்பந்தம் எல்லாம். அதில் முதலில் கையெழுத்திட்டவை பன்னிரண்டு நாடுகள்.

ஒப்பந்தம் இருந்தும் என்ன? பசிபிக் போர்முனையில் அமெரிக்க மருத்துவ வீரர்கள் செஞ்சிலுவைப் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டார்கள். எதிரி அதைப் பார்த்துத்தான் குறிவைத்தான். காக்கும் அடையாளமே காட்டிக்கொடுக்கும் அடையாளமும் ஆகலாம். உங்கள் உலகத்து வைத்தியர் எந்த நிற உடை அணிவார் என்று முடிவு செய்யும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடிபட்டு வரும் கூட்டத்தில் முதலில் யாருக்கு வைத்தியம்? அரசனின் மகனுக்கா?
*(வாசகி, திருநெல்வேலி)*

நெப்போலியனின் படை மருத்துவர் லாரே இதற்குப் பதில் சொல்லிவிட்டார்: பதவியைப் பார்க்காதே, காயத்தைப் பார். எதிரியின் காயமும் அந்த வரிசையில்தான். போர்ச் சமூகத்தில் இதைவிடப் பெரிய கலகம் கிடையாது. கோயில் கொடை விழாவில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட இருவரை எங்கள் வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் போட்டோம். வேறு இடமில்லை. இருவரின் உறவினர்களும் என்னிடம் வந்து கேட்டது ஒன்றுதான்: "முதலில் அவனுக்கு ஏன் பார்த்தீர்கள்?" யாருக்கு இரத்தம் அதிகம் போகிறது என்பது ஒரு பதிலாகவே அவர்களுக்குப் படவில்லை.

பழங்கால வைத்தியத்துக்கு விவரங்கள் எங்கே கிடைக்கும்?
*(வாசகர், புதுச்சேரி)*

வீட்டிலேயே. பதிற்றுப்பத்தில் பரணர், வீரர்களின் மார்பில் புண்ணைத் தைத்த நெடிய வெள்ளூசியை, குளத்தில் மூழ்கி எழும் மீன்கொத்தியோடு ஒப்பிடுகிறார். ஊசி சதைக்குள் போய் வெளியே வரும் வேகத்தைப் பக்கத்தில் நின்று பார்க்காதவர் இப்படி எழுதியிருக்க முடியாது. தைத்தவள் சொல்கிறேன். புறநானூற்றில் அரிசில்கிழார் காட்டும் வீட்டில் வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, யாழும் குழலும் இசைத்து, நறும்புகை போட்டுப் புண்பட்டவனைக் காக்கப் பெண்கள் கூடுகிறார்கள். வெளிநாட்டு உதாரணம் வேண்டுமென்றால் 1537-இல் பிரெஞ்சுப் படை மருத்துவர் ஆம்ப்ருவாஸ் பாரே. குண்டுக் காயத்தில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றுவது அன்றைய வழக்கம். எண்ணெய் தீர்ந்துபோனதால் முட்டை மஞ்சள்கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் மூன்றையும் கலந்து பூசினார். காலையில் பார்த்தால் எண்ணெய் ஊற்றப்பட்டவர்கள் காய்ச்சலில் துடித்துக்கொண்டிருந்தார்கள், மற்றவர்கள் தூங்கியிருந்தார்கள்.

கதைகளை அனுப்புகிறவர்கள் முதல் மூன்று அத்தியாயங்களை மட்டும் அனுப்புங்கள். கையால் எழுதுவதானால் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும். மந்திரத்தால் ஆறும் புண் முதல் பக்கத்திலேயே வந்தால் இரண்டாம் பக்கத்தைப் புரட்டமாட்டேன்.